கேரவனில் டிவி வரவில்லையா? பேட்டரியிலிருந்து தேட ஆரம்பியுங்கள்

போன வருடம் மே மாதம் குடும்பத்தோடு ஏலகிரிக்குப் போயிருந்தோம். 14 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, வண்டியை ஓரங்கட்டி, கேஸ் அடுப்பைப் பற்றவைத்து டீயும் போட்டாயிற்று. எட்டு மணி சீரியலுக்காக அம்மா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டிவியைப் போட்டால் நீலத் திரை, நடுவில் ‘நோ சிக்னல்’.

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்ட வண்டி எங்களுடையது. அன்றிலிருந்து நான்கு மாதத்தில் இரண்டு எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு அலையைப் பிடிக்கும் தலை), ஒரு புது செட்டாப் பாக்ஸ், மூன்று முறை மெக்கானிக் கூலி என்று 4,150 ரூபாய் போனது. கடைசியில் பார்த்தால் மாற்றிய எதிலும் கோளாறே இல்லை. பேட்டரியிலிருந்து பின்பக்கம் வந்த ஒயர் நூல் மாதிரி இருந்தது. கேபிள் முனையில் தலைமுடி அளவுக்கு ஒரு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

நான் வானத்தில் ஆரம்பித்து பேட்டரிக்கு வந்தேன். நீங்கள் பேட்டரியில் ஆரம்பித்து வானத்துக்குப் போங்கள். வரிசையை மாற்றாதீர்கள் (முதல் படி இனிமேல் வாங்குபவர்களுக்கு, சோதனை இரண்டில்தான் ஆரம்பம்). முன்னால் உள்ளதெல்லாம் செலவில்லாத சோதனை, பணம் பிடுங்குவது எல்லாம் பின்னால்தான் வரும்.

1. வாங்கும் முன்: பேப்பரும் பணமும்

முதலில் எந்த இணைப்பு என்று முடிவு செய்யுங்கள். டிடி ஃப்ரீ டிஷ் என்றால் மாதக் கட்டணம் கிடையாது, விண்ணப்பம், ஆதார் நகல் எதுவும் வேண்டாம். பெட்டியை வாங்கி மாட்ட வேண்டியதுதான். டிடி தமிழ் வரும், ஆனால் வீட்டில் பார்க்கும் சீரியல் சேனல்களை நம்பி அதை வாங்காதீர்கள். எங்கள் அம்மாவிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கட்டண டிடிஹெச் என்றால் இணைப்பு ஒரு முகவரியில் பதிவாகும். அடையாளச் சான்று, முகவரிச் சான்று இரண்டையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுப் பெட்டியைக் கழற்றி வண்டியில் வைப்பதற்கு முன், இடம் மாற்றுவது பற்றி உங்கள் நிறுவனத்தின் நிபந்தனையில் என்ன இருக்கிறது என்று படித்துவிடுங்கள். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு கடையில் ‘வண்டியில வெச்சீங்களா? அப்ப வாரன்டி கிடையாது’ என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதனால் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

டிஷ்ஷை வண்டிக் கூரையில் போல்ட் போட்டு முடுக்க நினைக்கிறீர்களா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவை ஞாபகம் வையுங்கள். வண்டி தயாரித்தவர் கொடுத்த அமைப்பிலிருந்து அனுமதியில்லாமல் மாற்றக் கூடாது என்பது அது. ஆர்சி புக்கில் ஏறாத மாற்றம் எஃப்சிக்குப் போகும்போது தலைவலியாகும். டிவி, இன்வெர்ட்டர் மாதிரி சாமான்களையும் இன்சூரன்ஸில் தனியாகச் சொல்லிச் சேர்க்காவிட்டால் திருடு போனால் போனதுதான். என் யோசனை: கூரையைத் தொடாதீர்கள், தரையில் வைக்கும் முக்காலி ஸ்டாண்ட் போதும். ஓடும் வண்டியில் சாதா டிஷ் எப்படியும் வேலை செய்யாது. அதற்குத் தானாகத் திரும்பும் ஆன்டெனா வேண்டும், அதன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது.

எனக்கு ஆன செலவு: டிஷ், எல்என்பி, ஃப்ரீ டிஷ் பெட்டி சேர்த்து 1,800 ரூபாய். காட்பாடியில் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த முக்காலி 900. வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் 300, சிக்னல் பார்க்கும் சின்ன மீட்டர் 350, 12 வோல்ட் கன்வெர்ட்டர் 600, கேபிள், ஒயர், ஃப்யூஸ் எல்லாம் 700. இதில் மல்டிமீட்டரை மட்டும் முதல் நாளே வாங்கியிருந்தால் அந்த 4,150 மிச்சமாகியிருக்கும்.

2. கரன்ட்

டிஷ் பக்கமே போகாதீர்கள். பெட்டியையும் டிவியையும் போட்டு வைத்துவிட்டு, பெட்டிக்குள் போகும் 12 வோல்ட் பின்னில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். எதுவும் ஓடாதபோது 12.3 காட்டும் பேட்டரியைப் பார்த்து ஏமாந்தவன் நான். எல்லாம் ஓடும்போது என் பெட்டி முனையில் இருந்தது 10.1 வோல்ட். பெட்டி லோகோ காட்டும், அணையும், மறுபடி லோகோ காட்டும். மெக்கானிக் ‘பெட்டி போச்சு’ என்றார். நானும் நம்பிப் புதுசு வாங்கினேன். புதுசும் அதே மாதிரி லோகோ காட்டி அணைந்தது.

கணக்கு எளிது. 24 இஞ்ச் டிவியும் பெட்டியும் சேர்ந்து சுமார் 4 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து பின்பக்கம் 7 மீட்டர், போக வர 14 மீட்டர். அரை சதுர மிமீ ஒயர் போட்டால் வழியிலேயே 2 வோல்ட் போய்விடும். 4 சதுர மிமீ ஒயரில் கால் வோல்ட்தான் குறையும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து கொக்கி போடாதீர்கள். பேட்டரியிலிருந்து தனியாக இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ் வையுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் 14 வோல்ட்டைத் தாண்டும். 12 வோல்ட் பெட்டியை நேராக அதில் மாட்டக் கூடாது. ஏறினாலும் இறங்கினாலும் 12 வோல்ட்டே தரும் கன்வெர்ட்டரை நடுவில் போடுங்கள். பெரிய பஸ், லாரியில் கட்டிய வண்டி என்றால் பேட்டரி 24 வோல்ட்டாக இருக்கலாம். அளக்காமல் மாட்டினால் புகைதான் வரும்.

இன்னொன்று, 4 ஆம்பியர் வீதம் நாலு மணி நேரம் பார்த்தால் 16 ஆம்பியர்-மணி போகும். இன்ஜின் ஸ்டார்ட் ஆகும் பேட்டரியிலேயே இதை ஓட்டினால் காலையில் ஊர்க்காரர்களை வைத்து வண்டியைத் தள்ள வேண்டியதுதான். டிவிக்கு இரண்டாவது பேட்டரி வைத்துவிடுங்கள்.

3. கேபிளும் கனெக்டரும்

டிஷ்ஷிலிருந்து பெட்டிக்கு வரும் கேபிள் ஆர்ஜி-6 வகைதான். கேபிளைக் கழற்றுவது, மாட்டுவது எல்லாம் பெட்டி அணைந்திருக்கும்போது மட்டும். ஓடும்போது நடுக்கம்பி வெளி உலோகத்தில் பட்டால் பெட்டியின் உள்ளே எல்என்பிக்குக் கரன்ட் தரும் பகுதியே போய்விடும்.

இப்போது டிஷ் பக்க முனையைக் கழற்றி, வெயிலில் பிடித்து, கண்ணுக்குக் கிட்டே கொண்டுவந்து பாருங்கள். நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளை, அதற்கு வெளியே வலை மாதிரி பின்னல். அந்தப் பின்னலில் ஒரே ஒரு இழை மடங்கி வெள்ளையைத் தாண்டி நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும், எல்லாம் நின்றுவிடும். என்னுடையதில் அந்த இழையை முதலில் கைவிரலால் தடவித்தான் உணர்ந்தேன். கண்ணுக்குத் தெரிந்தது பிறகுதான். நெயில் கட்டரால் வெட்டினேன். இரண்டு எல்என்பி வாங்கியதற்குக் காரணம் அந்த இழைதான்.

நடுக்கம்பி பச்சை பூத்திருந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தம். துடைத்துப் பயனில்லை. அரை அடி வெட்டித் தள்ளி, புது கனெக்டர் போடுங்கள். நடுக்கம்பி கனெக்டர் வாயைத் தாண்டி 2, 3 மிமீ நீட்டியிருக்க வேண்டும்.

பிறகு பெட்டியைப் போட்டு, டிஷ் பக்க முனையில் நடுக்கம்பிக்கும் வெளி உலோகத்துக்கும் இடையே அளந்து பாருங்கள். முனைகள் ஒன்றையொன்று தொடாமல் ஜாக்கிரதையாகப் பிடியுங்கள். சுமார் 13 அல்லது 18 வோல்ட் வர வேண்டும். செங்குத்து அலைக்கு 13, கிடை அலைக்கு 18 என்று பெட்டி தானே மாற்றிக்கொள்ளும். பெட்டி முனையில் வந்து டிஷ் முனையில் வராவிட்டால் கேபிள் நடுவில் எங்கோ கதவிலோ சக்கரத்திலோ நசுங்கியிருக்கிறது. எங்கள் கேபிளைப் பின்கதவு இரண்டு தடவை கடித்தது. இப்போது அதைக் கீழே ஒரு துளை வழியாக விட்டுவிட்டேன்.

4. திரையில் இருக்கும் இரண்டு கோடுகள்

பெட்டியின் மெனுவில் ஸ்ட்ரெங்த், குவாலிட்டி என்று இரண்டு கோடுகள் இருக்கும். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. ஸ்ட்ரெங்த் 80 காட்டினால் எல்என்பிக்குக் கரன்ட் போகிறது, கேபிள் சரி என்பது மட்டும்தான் பொருள். டிஷ்ஷைத் தரையைப் பார்த்துக் கவிழ்த்து வைத்தாலும் அது காட்டும். ஸ்ட்ரெங்த் ஒன்றுமே இல்லை என்றால் படி 2, 3க்குத் திரும்பிப் போங்கள். ஸ்ட்ரெங்த் இருந்து குவாலிட்டி பூஜ்ஜியம் என்றால்தான் டிஷ் பக்கம் போக வேண்டும்.

செட்டிங்கில் எல்என்பி வகை யுனிவர்சல், 9750/10600 என்று இருக்க வேண்டும். ஒரே எல்என்பி என்றால் டைசெக் என்பதை (பல எல்என்பிகளுக்கு இடையே மாற்றும் வசதி) அணைத்துவிடுங்கள். யாரோ தொட்டு மாற்றிவிட்ட செட்டிங்கை டிஷ்ஷில் தேடுவது வீண்.

5. டிஷ்ஷை எங்கே, எப்படி நிறுத்துவது

வேலூர் வெயிலில் எல்லோரும் வண்டியைப் புளிய மரத்தடியில்தான் நிறுத்துவோம். நிறுத்துங்கள், தப்பில்லை. டிஷ்ஷை மட்டும் 10 மீட்டர் கேபிள் போட்டு வெயிலுக்குத் தள்ளிவிடுங்கள். கூரையில் போட்டால் வண்டியும் வெயிலில் நிற்க வேண்டும். முக்காலியின் பெரிய சௌகரியமே இதுதான்.

திசை எளிது, அக்னி மூலை. வேலூரில் நிற்பவருக்கு ஆற்காட்டுக்கும் ஆரணிக்கும் இடைப்பட்ட பக்கம். எங்கள் ஊர்க் கணக்கு இது. முதலில் சாட்டிலைட் நிற்கும் தீர்க்கரேகை, பிறகு திசைகாட்டியில் வடக்கு 0 என்று வைத்துக்கொண்டு அது இருக்கும் திசையும் அடிவானத்திலிருந்து உயரமும், எல்லாம் டிகிரியில்:

டாடா ப்ளே, 83 டிகிரி கிழக்கு: திசை 163, உயரம் 74
டி2ஹெச், 88 டிகிரி: திசை 145, உயரம் 72
டிடி ஃப்ரீ டிஷ், ஜிசாட்-15, 93.5 டிகிரி: திசை 131, உயரம் 67
டிஷ் டிவி, 95 டிகிரி: திசை 128, உயரம் 66
ஏர்டெல், 108.2 டிகிரி: திசை 112, உயரம் 53

ஆம்பூர், குடியாத்தம், ராணிப்பேட்டை, ஜவ்வாது மலை எங்கே போனாலும் ஒன்றிரண்டு டிகிரிதான் மாறும். கன்னியாகுமரி வரை ஓட்டிப் போனால் மட்டும் மறுபடி பார்க்க வேண்டும். அங்கே ஜிசாட்-15 திசை 116, உயரம் 69 ஆகிவிடும்.

உயரத்தைப் பார்த்தீர்களா? ஏறக்குறைய தலைக்கு மேல். இதில் இரண்டு விஷயம். டிஷ்ஷின் முகம் அவ்வளவு மேலே பார்ப்பது போலத் தெரியாது. நம் டிஷ்களில் எல்என்பி கீழே ஒதுங்கி இருப்பதால் முகம் சுமார் 24 டிகிரி குறைவாகவே சாய்ந்திருக்கும். பின்னால் உள்ள கிளாம்பின் அளவுகோல் அதையும் சேர்த்தே போட்டிருக்கும், அதில் 67 வைத்தால் போதும். ‘இவ்வளவு கீழே பார்க்குதே’ என்று இன்னும் மேலே தூக்கிவிடாதீர்கள்.

இரண்டாவது, இவ்வளவு உயரத்தில் இடது வலது பிசகு கொஞ்சம் இருந்தாலும் பரவாயில்லை, உயரம் பிசகக் கூடாது. அதனால் ஸ்டாண்டின் கம்பம் செங்குத்தாக இருப்பதுதான் முக்கியம். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கம்பத்தில் இரண்டு பக்கமும் வைத்துப் பாருங்கள். ஏலகிரியில் நான் கூரை டிஷ்ஷோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது டீக்கடைப் பெரியவர் ஒருவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, ‘இன்னா சார், டிஷ்ஷு ஒயுங்காத்தான் கீது. வண்டிதான சாஞ்சினு கீது’ என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. வண்டி 4 டிகிரி சரிவில் நின்றது. 60 சென்டிமீட்டர் டிஷ் அந்தப் பிசகைத் தாங்காது.

போன் திசைகாட்டியை வண்டியிடமிருந்து மூன்று நாலு மீட்டர் தள்ளி வந்து பாருங்கள். இரும்புப் பாடியின் அருகில் அது உளறும். திசையை வைத்த பிறகு, இடது வலதாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் மூன்று விநாடி நின்று குவாலிட்டியைப் பாருங்கள். பெட்டிக்கு அந்த நேரம் வேண்டும். சர்ரென்று சுழற்றினால் சாட்டிலைட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பீர்கள். உள்ளே ஒரு ஆள் திரையைப் பார்த்து ‘வருது, போச்சு’ என்று கத்தினால் வேலை பாதியாகக் குறையும். எங்கள் வீட்டில் அது என் மகள் வேலை.

6. எல்என்பியைத் திருப்ப மறக்காதீர்கள்

இதைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். நாம் பூமத்திய ரேகைக்குக் கிட்டே இருப்பதால் எல்என்பி அதன் பிடிக்குள் நேராக நின்றால் போதாது, திருப்பி வைக்க வேண்டும். 83 டிகிரி சாட்டிலைட்டுக்குக் கணக்குப்படி 16 டிகிரி திருப்பினால் போதும், 93.5க்கு 47 டிகிரி வருகிறது. டிஷ்ஷின் முகத்தைப் பார்த்து நின்றால் கடிகார முள் சுற்றும் பக்கம். அளவை நம்புவதைவிட, பிடி திருகைத் தளர்த்தி மெதுவாகத் திருப்பி, குவாலிட்டி உச்சம் தொடும் இடத்தில் இறுக்குங்கள்.

வீட்டு மொட்டை மாடியில் அதே சேவையின் டிஷ் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் சுலபம். அதில் எல்என்பி எப்படித் திரும்பியிருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு, வண்டி எல்என்பியிலும் பிடியிலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

பாதி சேனல் வருகிறது, பாதி வரவில்லை என்றால் சந்தேகம் இரண்டே இடத்தில்தான். ஒன்று இந்தத் திருப்பல், இல்லையென்றால் படி 3இல் அளந்த 18 வோல்ட். பேட்டரி இறங்கிய இரவுகளில் எங்களுக்கு முதலில் போனது அந்தப் பாதிதான்.

7. குவாலிட்டி 70, ஆனால் சேனல் இல்லை

நீங்கள் பக்கத்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள். 93.5க்கும் 95க்கும் இடையே ஒன்றரை டிகிரிதான். இந்தச் சின்ன டிஷ்ஷுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒரே இடம். சிக்னல் மீட்டர் எந்தச் சாட்டிலைட்டைப் பார்த்தும் ‘கீ’ என்று கத்தும், அதற்குப் பெயர் தெரியாது. அதனால் மீட்டரைக் கிட்டத்தட்ட இடம் பிடிக்க மட்டும் வைத்துக்கொண்டு, முடிவைப் பெட்டியின் குவாலிட்டிக் கோட்டில் எடுங்கள். ஸ்கேன் செய்தால் தெரியாத சேனல்கள் பூட்டுப் போட்ட மாதிரி வருகின்றனவா? டிஷ்ஷை இம்மி அளவு தெற்குப் பக்கமோ கிழக்குப் பக்கமோ நகர்த்தி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

முதல் தடவை இதெல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் ஆகும். மனம் தளர வேண்டாம். முக்காலிக் காலிலும் கம்பத்திலும் கோடு போட்டு வைத்துவிட்டதால் இப்போது எனக்குப் பத்து நிமிடம்தான் ஆகிறது.

8. காற்று, வெயில், மழை

ஸ்டாண்டின் நடுவில் ஒரு கொக்கி வைத்து 20 லிட்டர் வாட்டர் கேனை முழுசாக நிரப்பித் தொங்கவிடுங்கள். வெறும் முக்காலியைக் காற்று ஒரே தட்டில் கவிழ்த்துவிடும், எல்என்பியின் கழுத்து உடையும். கத்திரி வெயிலில் பெட்டியை மூடிய அலமாரிக்குள் வைக்காதீர்கள். படம் உறைந்து நின்றால் முதலில் பெட்டியைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடாக இருந்தால் அணைத்து ஆற விடுங்கள்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் காலை 11 மணி வாக்கில் சில நிமிடம் ஃப்ரீ டிஷ் படம் போய்த் திரும்பி வரும். சூரியன் அப்போது நம் சாட்டிலைட்டுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீர்கள். ஐப்பசி அடைமழையிலும் அப்படித்தான். கனத்த மழை இந்த அலையைக் குடித்துவிடும், மழை விட்டதும் தானாக வரும். நல்லா இருந்த டிஷ்ஷை மழையில் நனைந்துகொண்டே திருப்பி, மறுநாள் காலை முழுக்க அதை மறுபடி தேடியவன் சொல்கிறேன்.

அந்த மாதிரி இரவுகளுக்கு, பெட்டியின் பின்னால் பென் டிரைவ் மாட்டும் இடம் இருக்கிறதா பாருங்கள். எங்களுடையதில் இருக்கிறது. அம்மாவுக்காகப் பழைய படம் இருபது ஏற்றி வைத்திருக்கிறேன்.